மாதப்பனின் வலையும் நான் போட்ட ஊசியும்

சிறு துளைகள் வழியாக உள்ளே போய், குடலிறக்கத்துக்கு வலை வைத்து மூடுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. கேமராவையும் கருவிகளையும் என்னைவிட நீங்கள் நன்றாகவே பிடிக்கிறீர்கள். நான் நாற்பது வயதுக்கு மேல் தட்டுத்தடுமாறிக் கற்றதை நீங்கள் படிக்கும்போதே கற்றுக்கொண்டு வந்துவிட்டீர்கள். ஆனால் வலையை வைத்து, தையல் போட்டு, ஆளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு நடப்பது எதுவும் திரையில் தெரியாது. அந்தப் பகுதியில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் கெட்டிக்காரியாக நடந்துகொண்ட சம்பவம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிப்பட்டவற்றைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மாதப்பனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பென்னாகரம் தாண்டி, காவிரிக் கரையோரத்து ஊர். ஆற்றில் வலை போட்டு மீன் பிடிப்பது தொழில். வலது பக்கத் தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குடலிறக்கம். எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டதற்கு, சமீபத்தில்தான் என்றார். மனைவி பச்சையம்மாள், பெரிய மகள் வயதுக்கு வந்தபோதே இருந்தது என்றார். அந்த மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் பெண். இந்த ஜில்லாவில் இடுப்புக்குக் கீழே நோய் உள்ள ஆண்கள் என்னிடம் வந்து உண்மையைச் சொல்வதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும், நரைத்தும் விட்டது. கடத்தூரிலிருந்து ஒருவர் மூன்று முறை வயிற்றுவலி என்று வந்தார். மூன்று முறையும் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். நான்காவது முறை சீட்டை வாங்கிக்கொண்டு போய் மருந்துக் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர்தான் எனக்கு போன் செய்தார்.

மாதப்பனும் கூச்சக்காரர்தான். ஆனால் வலை என்ற சொல்லைக் கேட்டதும் ஆள் மாறிவிட்டார். மூன்று சின்னத் துளை போட்டு, பலவீனமான இடத்தில் உள்பக்கமாக ஒரு வலை வைப்போம் என்று எல்லோரிடமும் சொல்வதைப் போலத்தான் அவரிடமும் சொன்னேன். எத்தனையோ பேர் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நரம்பு வலைங்களா, நூல் வலைங்களா? கண்ணு என்ன அளவுங்க?"

வலையில் இருக்கும் ஓட்டையைத்தான் கண் என்கிறார். வலையில் வெட்டி மீந்த துண்டு ஒன்றை நோயாளிகளுக்குக் காட்டுவதற்காக மேசையில் வைத்திருப்பேன். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். நீளவாக்கில் இழுத்தார், அகலவாக்கில் இழுத்தார், விரலில் சுற்றினார். அயிரைக் குஞ்சுகூட இதில் தப்பாது என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு நாலு மூலையையும் எதில் கட்டுவீர்கள் என்று கேட்டார். கட்டமாட்டோம், இரண்டு படலத்துக்கு நடுவில் விரித்துவிட்டால் உள்ளிருக்கும் அழுத்தமே பிடித்துக்கொள்ளும் என்றேன். கட்டாத வலை சுருட்டிக்கொள்ளும் என்று அவர் சொல்லி, துண்டை மேசையில் பத்திரமாக வைத்தார். நான் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது தப்பில்லை. ஓரம் மடிந்த வலையால் குடலிறக்கம் திரும்பி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அறுவை சிகிச்சையன்று ஒவ்வொரு ஓரத்தையும் வழக்கத்தைவிட இரண்டு முறை கூடுதலாகப் பார்த்துத்தான் வெளியே வந்தேன். அவ்வளவு அழகாக விரிந்திருந்தது. மறுநாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தார். என்ன என்று அவர் எங்கே சொன்னார்? பச்சையம்மாள்தான் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். எலுமிச்சங்காயாகப் போனது கத்திரிக்காயாக வந்திருக்கிறதாம். மாதப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வலை சுருட்டிக்கிச்சுங்க" என்றார். அதைச் சொல்வதில் அவருக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தேன். இருமச் சொன்னால் வீக்கம் பெரிதாகவில்லை. அமுக்கினால் உள்ளே போகவில்லை. வலியில்லை, சூடில்லை. ஸ்கேனில் வெறும் தண்ணீர். குடல் இறங்கியிருந்த பை காலியானதும் அந்த வெற்றிடத்தில் நீர் சேர்ந்திருக்கிறது. சீரோமா என்று உங்கள் புத்தகத்தில் இரண்டு வரியில் போட்டிருக்கும். உடம்பே சில வாரங்களில் அதை உறிஞ்சிக்கொள்ளும், சும்மா இருப்பதுதான் வைத்தியம். ஊசி போட்டு உறிஞ்சினால் ஊசியோடு கிருமி உள்ளே போகலாம், வலைமேல் கிருமி உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்காது. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன்.

மாதப்பன் யோசித்துவிட்டு, தண்ணீர் நிற்காமல் வடியத்தானே வலைக்குக் கண் வைப்பது என்று கேட்டார். உடம்பு வேறு, ஆறு வேறு என்று ஏதோ சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்தபோதும் வீக்கம் அப்படியே இருந்தது. அதற்குள் அவர் ஊர்ப்பக்கத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த மூன்று பேர், மாதப்பனுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனை மேலாளர் என் அறைக்கு வந்து, அந்தப் பென்னாகரத்துக்காரர் எப்படி இருக்கிறார் மேடம் என்று அக்கறையாக விசாரித்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் விசாரித்தார். நான் உறுதியாகத்தான் இருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை வந்தபோது பச்சையம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்.

"ஊசில எடுத்தா போயிடும்னு ஸ்கேன் எடுத்த தம்பியே சொல்லுதுங்க. அப்புறம் எதுக்குங்க அத வெச்சே பாத்துக்கிட்டு இருக்கறீங்க?"

அதை அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள், கதவு பாதி திறந்திருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஊசியை எடுத்தேன். சுத்தமாகத்தான் செய்தேன், அதில் குறை சொல்ல முடியாது. இளமஞ்சள் நீர், இரண்டு பெரிய சிரிஞ்ச் நிறைய வந்தது. வீக்கம் இருந்த இடம் தெரியவில்லை. பச்சையம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொண்டுவந்த தூக்கில் இருந்த மீன் குழம்பு எனக்கே வந்து சேர்ந்தது.

நடைபாதையில் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்திருப்பேன். எதிரே எங்கள் மயக்க மருத்துவர் வந்தார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். என்ன செய்தேன் என்பதைக் கேட்டுவிட்டு, "அவரு உடம்பு கேட்டுச்சா, அவங்க கேட்டாங்களா?" என்றார். ஒரு ஊசிக்கு இவ்வளவு பேச்சா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் அன்றைய பத்தில் ஒன்றைச் செலவழித்துவிட்ட திருப்தியில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒன்பதாம் நாள் காலையில் மாதப்பனை ஷேர் ஆட்டோவில் வைத்துக் கூட்டி வந்தார்கள். காய்ச்சல் நூற்று இரண்டுக்கு மேல். வீக்கம் திரும்பி வந்திருந்தது, இந்த முறை சிவந்து, தொட்டால் சுட்டது. நாலு நாளாகவே அப்படி இருந்திருக்கிறது. ஏன் வரவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, ஊசி போட்ட அன்றைக்கு டாக்டரம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள், அதைக் கெடுக்க மனசு வரவில்லை என்றார்.

பச்சையம்மாளுக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை. முழுக்கக் கணவர் மேல்தான். ஒரு மாதம் ஆற்றில் இறங்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். இவர் வலை பாறையில் சிக்கிக்கொண்டது என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருக்கிறார். அந்த அழுக்குத் தண்ணீர் உள்ளே போய்விட்டது, எல்லாம் இந்த மனுசன் செய்த வேலை, டாக்டரம்மா என்ன செய்வார் என்று அவர் பாட்டுக்கு என் பக்கமே வாதாடிக்கொண்டிருந்தார்.

அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆற்றில் இறங்கக்கூடாது என்று சொன்னேனே என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். வார்த்தை நாக்கில் வந்து நிற்கிறது. அப்போது அவர் வயிற்றைப் பார்த்தேன். மூன்று துளைகளும் நன்றாக ஆறி, தழும்பாகியிருந்தன. எந்த ஆற்றுத் தண்ணீரும் அதற்குள் போக முடியாது.

"ஆத்துத் தண்ணி உள்ள போக வழியே இல்லைங்க. மேல புண்ணு ஆறி ரொம்ப நாளாச்சு. உள்ள போனது என்னோட ஊசி ஒண்ணுதான். தப்பு என்கிட்டதான்."

பச்சையம்மாள் என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். நன்றாகப் போய்க்கொண்டிருந்த சண்டையை நடுவில் நிறுத்திவிட்டேன் என்ற ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. மாதப்பன்தான் கடைசியில் வாயைத் திறந்தார். ஊசி போடச் சொல்லிக் கேட்டதே நாங்கள்தானே, நீங்கள் மட்டும் எதற்கு அதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்றார். கேட்பது உங்கள் உரிமை, மாட்டேன் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றேன்.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. வலையைச் சுற்றிச் சீழ். பெருநகரத்தில் பெரிய மருத்துவமனையில் இருக்கும் என் பழைய வகுப்புத் தோழனுக்கு போன் செய்தேன். இன்றைக்கே வலையை எடுத்துவிடு என்றான். எடுப்பது சும்மா இல்லை. காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் அந்த வலைக்கு அடியில் ஓடுகின்றன, பக்கத்திலேயே சிறுநீர்ப்பை. சீழ் பிடித்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்போது கையை விட்டால் என்ன கிழியும் என்று யாருக்கும் தெரியாது. நான் தயங்குவது குரலிலேயே தெரிந்து அவன் ஒரு கேள்வி கேட்டான். வலையின் கண் என்ன அளவு?

மாதப்பன் முதல் நாளே கேட்ட கேள்வி. கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தேடிப் பார்த்தேன். எங்கள் வலைகளில் அது பெரிய கண் உள்ள ரகம். மீனுக்குத்தான் அது சிறிது. ரத்தத்திலுள்ள காவல் அணுக்கள் தாராளமாக உள்ளே போய்வரும். அந்த மாதிரி வலையைச் சில சமயம் எடுக்காமலே காப்பாற்றிவிடலாம். கண் மிகச் சிறியதாக இருந்தால் கிருமி ஒளிந்துகொள்ளும், காவல் அணு உள்ளே நுழைய முடியாது. முயற்சி செய்துபார்க்கிறேன் என்றேன். உன் நோயாளி, உன் தூக்கம் என்று சொல்லி அவன் போனை வைத்தான்.

ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஒரு குழாயைச் செருகிச் சீழை வெளியேற்றினோம். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு மருந்தை ஆரம்பித்தோம். கேஸ் ஷீட்டில் என் கையாலேயே எழுதினேன்: நாளை மறுநாள் காலை பத்து மணிக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் வலை எடுக்கப்படும். இதை நீங்களும் செய்யுங்கள். காத்திருப்பது என்று முடிவு செய்தால், எதுவரை என்று அப்போதே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பயத்தில் ஒருநாள் முன்னாலும் தள்ளுவோம், ஆசையில் இரண்டு நாள் பின்னாலும் தள்ளுவோம்.

முதல் சில மணி நேரம் பாட்டிலில் சீழ் நன்றாக இறங்கியது. பிறகு குறைந்துவிட்டது. மறுநாள் அநேகமாக ஒன்றுமே இல்லை, காய்ச்சலும் இறங்கவில்லை. நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் மாதப்பன் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் துண்டை விரித்துக்கொண்டு, பரவாயில்லைங்க என்பார். சீழ் கெட்டியாகிவிட்டது, குழாய்க்கு எட்டாத இடத்தில் தேங்கியிருக்கிறது என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். குறித்த நாள் காலை எட்டு மணிக்கும் காய்ச்சல் நூற்று இரண்டு. தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னேன். விளக்கிச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கினேன். பச்சையம்மாள் அழவில்லை. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

மயக்க மருத்துவர் ஆளைப் பரிசோதிக்க வந்தார். கால் இரண்டையும் நீட்டிப் படுங்கள் என்றார். மாதப்பன் நீட்டவில்லை. மறுபடி சொன்னார். மாதப்பன் அவரைப் பார்க்காமல், கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தார். மயக்க மருத்துவரும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மேடம், கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க" என்றார்.

என் வார்டிலிருந்து என்னையே வெளியே போகச் சொல்கிறாரே என்று கோபத்தோடுதான் போய் நின்றேன். இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டார். குழாயை விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு அது சப்பாத்தி போல நசுங்கியிருந்தது. சீழ்க் குழாயைப் பெண்பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று, பெண்கள் யார் வந்தாலும் மாதப்பன் அதைத் தொடைக்கு அடியில் மடித்துப் போட்டு, மேலே துண்டை நான்காக மடித்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டிருக்கிறார். அந்த வார்டில் நர்சுகள் எல்லோரும் பெண்கள். டாக்டரும் பெண். அதாவது ஒன்றரை நாளாக அநேகமாக அவர் அதன் மேலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

குழாயை நீவி நேராக்கியதும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டிலில் கால்வாசி நிறைந்தது. நான் மாதப்பனிடம், உங்கள் உள்ளே இருப்பதையெல்லாம் பெரிய டிவியில் கலரில் பார்த்தவள் நான், என்னிடம் என்ன கூச்சம் என்று கேட்டேன்.

"அப்ப நான் மயக்கத்துல இருந்தேனுங்களே" என்றார்.

கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த நேரத்தை அடித்தேன். அடுத்த நாள் காலை பத்து மணி என்று போட்டு, பக்கத்திலேயே காரணத்தையும் எழுதினேன்: குழாய் இதுவரை வேலை செய்யவில்லை. கெடுவைத் தள்ளிப் போடுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் நடக்காத ஒரு வைத்தியம் தோற்றுவிட்டது என்று சொல்லி ஒரு மனிதரின் வயிற்றைத் திறக்கவிருந்தேன். ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கூச்சப்படுகிறாரே என்று மரியாதையாக இருந்துவிட்டேன். மரியாதை செய்ய வேண்டியதுதான், ஆனால் அதற்கு வழி ஒரு ஆண் ஊழியரைப் பார்க்கச் சொல்வது. அன்றிலிருந்து அந்தக் கட்டிலுக்கு ஒரு ஆண் ஊழியரைப் போட்டோம்.

சாயங்காலமே காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் பத்து மணிக்கு உடம்பு குளிர்ந்திருந்தது. தியேட்டரை வேறு ஆளுக்குக் கொடுத்தேன். பரிசோதனை முடிவும் வந்தது. எல்லோருடைய தோலிலும் இருக்கும் சாதாரணக் கிருமி, தோலைக் குத்திப் போன ஊசியோடு உள்ளே போயிருக்கிறது. அந்தத் தாளைப் பச்சையம்மாளிடம் காட்டி விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, இருந்தாலும் இவர் ஆற்றில் இறங்கியது தப்புதானே என்றார். அதை ஒப்புக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் குழாயை எடுத்தோம். மாத்திரை இன்னும் பல வாரம் போயிற்று. வலை வைத்த இடத்திலேயே விரிந்தபடி இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் நான் எடுத்த முடிவு சரி என்பதற்கு அதை ஆதாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். கண் சிறிதாக இருந்திருந்தால், அல்லது காய்ச்சல் இறங்காமல் இருந்திருந்தால், எடுத்துத்தான் ஆகவேண்டும். அவருக்கு நல்ல நேரம், எனக்கும்தான்.

தள்ளிப்போட்ட அந்த மூன்று பேரும் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அதில் ஒருவருக்கு, சொல்லி வைத்தது போல, இரண்டாம் வாரத்தில் அதே நீர் வீக்கம். கூடவே துணைக்கு மாதப்பன் வந்திருந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பெஞ்சில் அவர் புது ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. நான் பல வருடமாக நோயாளிகளுக்குச் சொல்லி வந்ததைவிடச் சுருக்கமாகச் சொன்னார்.

"தண்ணி தானா வந்துச்சு, தானா போவும். எத்தினி நாளு ஆனாலும் சும்மா இரு. அந்தம்மாகிட்ட மட்டும் ஊசி போடுங்கன்னு கேக்காத. நல்ல மனசு அவங்களுக்கு. கேட்டா போட்டுடுவாங்க."

புது ஆள் உள்ளே வந்து வீக்கத்தைக் காட்டினார். ஊசி கேட்கவில்லை. நானும் போடவில்லை.